எல்லை கடந்த உறக்கம்

பயணத் தொழுகைப் பாடத்தை ஓதிக் கொடுக்கும்போதெல்லாம் 'மர்ஹலா' என்னும் சொல்லில் சற்று நிற்பேன். பாரமேற்றிய ஒட்டகம் ஒரு நாளில் கடக்கும் தொலைவு அது. இரண்டு மர்ஹலா செல்வோர்க்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகை உண்டென்பது ஷாஃபிஈ சட்ட நூல்களின் முடிவு. சென்னையிலிருந்து ஜித்தா செல்லும் விமானம் அந்த இரண்டு நாள் வழியைப் பத்து நிமிடங்களுக்குள் கடந்துவிடுகிறது. இரு விமான நிலையங்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர்; நேரே பறந்தால் ஆறு மணி நேரம் போல ஆகும்.

என் வாப்பா 1982-இல் பம்பாயிலிருந்து கப்பலில் ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். சுமார் 2,300 கடல்மைல். ஒரு வாரத்திற்கும் மேலான பயணம். யலம்லம் மலைக்கு நேராகக் கப்பல் வருமுன்பே அறிவித்துவிடுவார்களாம். காலை முதலே குளிப்பும், நகம் களைதலும். பின்னர் தளமெங்கும் வெள்ளாடைகள், தல்பியா முழக்கம். "ஒரு பகல் முழுவதும் அந்த எல்லைக்காகவே காத்திருந்தோம்" என்பார்கள். அந்தக் கப்பல்கள் 1995-உடன் நின்றுபோயின.

கிழக்கிலிருந்து பறந்து வருவோர்க்கு எல்லை வேறு. தாயிஃபை அடுத்த கர்னுல் மனாஸிலை வானில் கடந்தே அவர்கள் ஜித்தாவில் இறங்குகின்றனர். இறங்கிய பின் இஹ்ராம் கட்டலாமே என்பாரும் உளர். ஆயினும், 1986-இல் அம்மான் நகரில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வானில் எல்லையைக் கடக்கும்போதே கட்டவேண்டுமெனத் தீர்மானித்தது. நான் மாணவர்க்குச் சொல்லி வந்ததும் அதுவே.

2017-இல் உம்ராவுக்குப் புறப்பட்டேன். பக்கத்து இருக்கையில் எங்களூர்ப் பெரியவர் ஒருவர். பாய் முடைபவர், எழுத்தறியாதவர். வீட்டிலிருந்தே இஹ்ராம் துணியை உடுத்தி வந்திருந்தார்.

"காக்கா, நிய்யத்தை எல்லையில் வைப்பதே சிறப்பு" என்றேன்.

"துணிதான் உடுத்தியிருக்கேன் ஆலிம்சா. எல்லை வந்ததும் நிய்யத்தை நீங்கதான் சொல்லித் தரணும்."

என் துணியோ தலைக்கு மேலிருந்த பைக்குள். நேரமிருக்கிறது என்று எண்ணியிருந்தேன். முதல்நாள் இரவு வெகுநேரம் விழித்திருந்த களைப்பு, அசந்து உறங்கிவிட்டேன். விமானம் தாழ்ந்து காது அடைத்தபோதுதான் கண் விழித்தேன். பணியாளரிடம் கேட்டேன். எல்லை கடந்து கால்மணி நேரமாயிற்று என்றார்.

பெரியவரைப் பார்க்க அஞ்சினேன். அவரே மெல்லக் கேட்டார்: "ஏதோ அறிவிச்சாங்க; எல்லாரும் தல்பியா சொன்னாங்க. 'யா அல்லாஹ், உம்ராவுக்கு வந்துட்டேன், ஏத்துக்கோ'ன்னு தமிழிலேயே சொல்லிட்டேன். செல்லுமா ஆலிம்சா?"

"செல்லும் காக்கா" என்றேன். நிய்யத்தின் இடம் உள்ளம் என்று எத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன்!

செல்லாமற்போனது என்னுடையதுதான். கிரியைகளைத் தொடங்குமுன் எல்லைக்குத் திரும்பிச் சென்று கட்டிவந்தால் பரிகாரம் நீங்கும். ஆனால் குழுவின் பேருந்து காத்திருந்தது. பெரியவரோ என் கையைப் பற்றியிருந்தார். நிலையத்திலேயே இஹ்ராம் கட்டினேன். மக்காவில் ஓர் ஆடு அறுத்து ஏழைகளுக்குப் பங்கிடச் செய்தேன்.

ஆடு எதற்கென்று பெரியவர் கேட்டார். மறைக்காமல் சொன்னேன்.

"நான் எழுப்பியிருக்கணும். ஓதின பிள்ளை, அசதியாயிருக்குமேன்னு விட்டுட்டேன்" என்று அன்று முழுவதும் வருந்திக்கொண்டேயிருந்தார். ஆட்டின் விலையைவிட அதுவே எனக்குப் பாரமாயிருந்தது.