டோலக்குக்கு இடம் விடும் பேஸ்

சிங்கப்பூரில், பிடோக்கில் என் வீட்டுக்கு பேஸ் கித்தாரைத் தூக்கிக்கொண்டு வருகிற பையன்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: “அண்ணே, இதைக் கழட்டிட்டு அந்தக் காலத்து ஃபெண்டர் சத்தம் வர்ற மாதிரி ஒரு பிக்கப் போடுங்க.”

எந்தக் காலம் என்று திருப்பிக் கேட்பேன். 1951இல் பிரிசிஷன் பேஸ் வந்தபோது அதில் இருந்தது ஒற்றைச் சுருள். இரண்டு துண்டாக, முன்னும் பின்னுமாக வைத்த பிக்கப் 1957இல்தான் வந்தது. எதிரெதிராக இணைத்த சுருள்கள் என்பதால் மின்சார இரைச்சலை ஒன்றையொன்று அடித்துவிடும். 1960இல் வந்த ஜாஸ் பேஸ் வேறு ரகம். அதிலும் எழுபதுகளில் பின்பக்கப் பிக்கப்பை பிரிட்ஜை நோக்கி இன்னும் சற்றுத் தள்ளி வைத்தார்கள். அந்தச் சிறு நகர்வே குரலைக் கூர்மையாக்கிவிட்டது. எந்த மாற்றுப் பிக்கப்பை வாங்கினாலும் இடத்தை மாற்ற முடியாது, மரத்தை வெட்டினாலொழிய.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் என்பது அல்நிக்கோ காந்தத் தண்டுகளைச் சுற்றி, தலைமுடிக் கனமுள்ள எனாமல் பூசிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியது, அவ்வளவுதான். சுற்று கூடினால் சத்தம் பெருகும். கூடவே மேல் ஸ்தாயி மழுங்கும். எழுபதுகளில் டிமார்சியோவும் சீமோர் டங்கனும் மாற்றுப் பிக்கப்புகளைத் தனிச் சந்தையாகவே ஆக்கியபோது முதலில் விலைபோனது பலம்தான். டிமார்சியோவின் மாடல் பி செராமிக் காந்தத்தோடு வந்தது. டங்கனின் குவார்ட்டர் பவுண்டில் தண்டுகளே கால் அங்குலக் குறுக்களவு. பழையதைப்போலவே சுற்றிய பிக்கப்புகளுக்கும் பிறகு நல்ல கிராக்கி வந்தது.

இணையச் சந்தையில் பழைய பிக்கப் விற்கிறவர்கள் கிலோ ஓம் கணக்கை ஜாதகம் மாதிரி நீட்டுவார்கள். செம்பின் தடை வெப்பத்தோடு ஏறும். ஏர்கான் அறையில் 22 டிகிரியில் 10.5 காட்டுகிற பிக்கப், 32 டிகிரி காரிடாரில் 10.9 காட்டும். இதை வைத்துக்கொண்டு ‘அதிகம் சுற்றியது’ என்று விலை ஏற்றினால் என்ன சொல்வது! காந்தம் வயதாகித் தளர்ந்துவிட்டது என்பதும் பாதிக் கதை. தானாகக் கிடந்தால் அல்நிக்கோ லேசில் வலுவிழக்காது. நம் ஊரில் உண்மையான எதிரி ஈரப்பதம். தண்டுகளின் முனை துருப்பிடிக்கும், அடியிலிருக்கும் ஃபைபர் தகடு வளையும், உள்சுற்றில் எங்கோ கம்பி அறுந்து மீட்டரில் முள்ளே அசையாது.

சரி, எப்படி ஒப்பிடுவது? கம்பிகளைத் தளர்த்தி, பிக்கார்டைக் கழற்றி, பற்றவைத்து, மறுபடி சுருதி சேர்ப்பதற்குள் அரைமணி நேரம் ஓடிவிடும். முந்தைய ஓசை காதில் நிற்காது. அதனால் ஆம்ப் வழியாக இல்லாமல் நேரடியாகக் கணினியில் பதிவு செய்கிறேன். கம்பி அதே, கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளி அதே, விரல் விழும் இடம் அதே. வாசிப்பது ‘நினைவெல்லாம் நித்யா’ படத்தின் ‘பனிவிழும் மலர்வனம்’ பேஸ் வரி. அது கழுத்தில் மேலும் கீழும் ஓடுவதால் எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. பிறகு இரண்டு பதிவுகளின் சத்த அளவையும் சமமாக்குவேன். இந்த ஒரு வேலையைச் செய்யாத ஒப்பீட்டை நான் காது கொடுத்தே கேட்பதில்லை. சற்றே உரத்தது எப்போதும் ‘நல்லதாக’த் தோன்றும்.

சமமாக்கியதும் பாதி வித்தியாசம் மாயமாகிவிடும். மீதியில் பெரும்பங்கு பிக்கப்புடையதே இல்லை. குமிழுக்கடியில் இருக்கும் பாட்டை 250 கிலோ ஓம் என்று வாங்கினாலும் அது 200ஆகவும் இருக்கலாம், 300ஆகவும் இருக்கலாம். அதுவே பிரகாசத்தைக் கூட்டும், குறைக்கும். பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962 பிரிசிஷனைப் பிக்கப்புக்காகப் புகழ்கிறவர்கள், அதிலிருந்த தட்டைக் கம்பிகளை அவர் மாற்றாமலே வைத்திருந்ததையும், பிரிட்ஜ் மூடிக்கடியில் பஞ்சு இருந்ததையும், ஒற்றைச் சுட்டுவிரலால் வாசித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இத்தனையையும் கழித்த பிறகு மிஞ்சுகிற வித்தியாசத்தை நான் அறையில் கேட்டதைவிட மேடையில்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். நாங்கள் வாசிப்பது சமூக மன்றத் தீபாவளி நிகழ்ச்சி, கல்யாண வரவேற்பு. பக்கத்தில் டோலக், தபேலா, இரண்டு கீபோர்ட். தடித்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். சிறிய ஸ்பீக்கர்கள் அதை ஒழுங்காகத் தருவதில்லை. கூட்டம் கேட்பது பெரும்பாலும் அதன் இரட்டிப்பான 82ஐ. டோலக்கின் இடது முகம் முழங்குவதும் அந்த வட்டாரத்தில்தான். பலமான பிக்கப் அங்கே போய் மொத்தமாக உட்கார்ந்துகொள்ளும். மேல் ஸ்தாயி மழுங்கியிருப்பதால் ஸ்வரம் எங்கே தொடங்கியது என்றும் தெரியாது. டோலக்காரர் இன்னும் ஓங்கி அடிப்பார், நான் இன்னும் ஏற்றுவேன், பாடுகிறவர் திரும்பி முறைப்பார். குறைவாகச் சுற்றிய பிக்கப்பில் விரல் கம்பியை விடும் அந்த ‘டக்’ கேட்கும். தாளக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு தன் அடியை வைப்பார். ராக் பேண்டில் வாசிக்கிறவர் நேர்மாறாகச் சொல்லலாம். அவருக்கு டோலக் கிடையாது.

என் பேஸில் இருப்பதும் பழையதல்ல, பழைய அளவுக்குச் சுற்றிய புதுப் பிக்கப்தான். வருகிறவர்களுக்கு முதலில் ஸ்க்ரூவைத் திருகிப் பிக்கப்பை இரண்டு மில்லிமீட்டர் இறக்கி, பாட்டை அளந்து பார்த்து மாற்றி, அந்த வாரம் ஒரு நிகழ்ச்சியில் வாசித்துவிட்டு வரச் சொல்கிறேன். அதன்பிறகும் வேண்டும் என்கிறவருக்குப் புதியதைப் போட்டுத் தருவேன். கழற்றியதை சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். அறுபதுகளின் பிக்கப் என்றால் அதன் விலை நான் போட்டதைவிடப் பல மடங்கு.