தொப்பூர் இறக்கமும் டக்கார் லாரியும்

இரவு 10 மணி. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் ஒரு வீட்டுத் திண்ணை. 24 வயது மகன் செல்போனை அப்பாவிடம் நீட்டுகிறான்.

"இதைப் பாருப்பா!"

சவுதி அரேபியாவின் டக்கார் ராலி. ஒரு லாரி மணல் மேட்டில் ஏறிப் பறக்கிறது.

மகனுக்கு டக்கார் என்றால் உயிர். 2024-ல் ஓசூர் டிவிஎஸ் நிறுவனத்தின் அணியில் ஓட்டிய ஹரித் நோவா, ராலி 2 பிரிவில் முதலிடம் பிடித்தார். டக்காரில் ஒரு பிரிவை வென்ற முதல் இந்தியர். கேரளத்துக்காரர்தான், ஆனாலும் ஓசூர் பசங்களுக்கு அவர் நம்ம ஆள்!

அன்றிரவு பைக் பேச்சு இல்லை. விடிந்தால் மகன் முதன்முறையாகத் தனியாக லோடு ஏற்றி சேலம் போகிறான். வழியில் தொப்பூர் இறக்கம்.

26 வருஷம் லாரி ஓட்டிய அப்பா கேட்டார். "அதுல எத்தனை பேருடா?"

"மூணு பேர். ஓட்டுறவர், வழி சொல்றவர், மெக்கானிக்."

"பரவாயில்லையே... நமக்கு இப்ப கிளீனரே கிடையாது."

"கேபின்ல இருந்தே டயர் காத்தைக் குறைக்கலாம்ப்பா, மணல்ல புதையாம இருக்க. ஆயிரம் குதிரைத்திறன் வரைக்கும் இருக்கு. ஆனா 140-க்கு மேல போகக் கூடாதுன்னு ரூல்."

ஒரு காலத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 1988-ல் ஜான் டி ரூய் ஓட்டிய டாஃப் லாரி, ஆரி வட்டனனின் பியூஜியோ காரையே முந்தியது. அதே ராலியில் அந்த அணியின் இன்னொரு லாரி உருண்டது. அதில் வழி சொல்பவராக இருந்த கீஸ் வான் லூவசைன் இறந்தார். டாஃப் ராலியை விட்டே விலகியது. 1989-ல் லாரிகளுக்குப் போட்டியே நடக்கவில்லை.

மகன் சொல்லி முடித்ததும் அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வீட்டில் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"டீசல் மிச்சம் பிடிக்க தொப்பூர்ல நியூட்ரல்ல விட்டேன்டா. பாதி இறக்கத்துல பிரேக் டிரம் சூடாகிப் புகை. மிதிச்சா பிடிக்கல. ஓரத்து மண்மேட்டுல ஏத்தி நிறுத்தினேன். கிளீனர் பையனுக்குக் கால் போச்சு. உங்கம்மாகிட்ட வண்டி ரிப்பேர்னு சொல்லிட்டேன்."

மகன் செல்போனை அணைத்தான்.

"லோடு வண்டியை நாம ஓட்டல. அந்த எடைதான் நம்மளைத் தள்ளும். எந்த கியர்ல மேல ஏறுவியோ, அதே கியர்ல இறங்கு."

காலை 5 மணிக்கு அப்பா ராடு எடுத்து ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்த்தார். மகன் கிளம்பினான்.

அதன்பிறகு செல்போனைக் கையில் இருந்து அவர் கீழே வைக்கவில்லை. ஓமலூர் டீக்கடையில் இருந்து அழைப்பு வந்தது.

"ரெண்டாவது கியர்லயே வந்தேன்ப்பா. பின்னாடி ஒரே ஹாரன்."

"அடிச்சா அடிக்கட்டும்" என்றார். "டீ குடிச்சியா?"