கழுத்து வலி

அடையாறு இந்திரா நகரில் அப்போது ஒரு டிவிடி கடை. 2005. "தாய்லாந்துப் பேய் ஸார், கேரண்டி!" என்று கடைக்காரர் நீட்டிய படம் 'ஷட்டர்' (2004). ஆபீஸ் கையெழுத்துப் பத்திரிகையில் பேய்ப்பட விமர்சனம் எழுதும் ஆசாமி நான். (வாசகர்கள் பதினோரு பேர், என்னையும் சேர்த்து.)

ஹீரோ போட்டோகிராபர். எடுக்கிற படங்களில் விநோத நிழல். தீராத கழுத்து வலி. டாக்டரிடம் போனால் எடை மிஷின் தாறுமாறாகக் காட்டுகிறது. பழைய படம், முடிவைச் சொன்னால் பாவமில்லை: அவன் தோளில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். முன்னாள் காதலி. நண்பர்கள் அவளைச் சீரழித்தபோது தடுக்காமல் போட்டோ எடுத்தவன் இவன்.

நம்ம ஊர்ப் பேய் வெள்ளைப் புடவையில் வில்லனைத் துரத்தும், ஹீரோ காப்பாற்றுவார். இங்கே ஹீரோவேதான் வில்லன்! (2007-ல் தமிழில் 'சிவி'யாகவும் வந்தது.)

'திகில் சுமார்' என்று எழுதிவிட்டுப் படுத்தேன். டியூப்லைட்டை அணைக்கவில்லை. என் கூட்டல் தப்புக்கு மெமோ வாங்கின புதுப் பையன் ஞாபகம். அன்று நான் வாயே திறக்கவில்லை.

திங்கட்கிழமை மானேஜரிடம் சொல்லிவிட்டேன். மெமோ என் பெயருக்கு மாறியது. பையன் டீ வாங்கிக் கொடுத்தான்.

கழுத்து இன்னும் வலிக்கிறது. ஸ்பாண்டிலைட்டிஸ்தான் என்கிறார் டாக்டர். எடை மிஷினில் ஏறும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.