ஒரு கேள்விக்குறி

மூணு ராத்திரி தூக்கம் போச்சு மக்களே. காரணம், ஒரு ரிப்போர்ட்டில் இருந்த கேள்விக்குறி.

அம்மாவுக்கு முதுகுவலி. வேற யாருன்னாலும் தைலம் தேய்ச்சுட்டு விட்டிருப்போம். ஆனா அம்மா 2017-ல் மார்பகப் புற்றுநோயில் இருந்து மீண்டவர். டாக்டர் உடனே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் இடுப்பு முள்ளெலும்பு ஒன்றில் ஏதோ இருப்பதாகப் போட்டு, "ஹீமாஞ்சியோமா? பரவிய புற்றுநோய்?" என்று முடித்திருந்தார்கள்.

"என்னடா போட்டிருக்கு?"

"தேய்மானம்தாம்மா" என்று புளுகினேன்.

மறுநாள் ஃபிலிமைத் தூக்கிக்கொண்டு ஸ்கேன் டாக்டரிடம் போனேன். பொறுமையா விளக்கினாங்க. "எலும்பு மஜ்ஜையில கொழுப்பு இருக்கும் சார். டி-1 படத்துல அது வெள்ளையாத் தெரியும். கேன்சர் அந்தக் கொழுப்பைத் தள்ளிட்டு உட்கார்றதால, பக்கத்து டிஸ்க்கை விடக் கறுப்பாயிடும். ஹீமாஞ்சியோமா வெறும் ரத்தக்குழாய்க் கட்டி. ஏறக்குறைய பத்துல ஒருத்தருக்கு இருக்கும், பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. அதுல கொழுப்பு இருந்தா வெள்ளையாத் தெரியும்."

வாழ்க்கையில் முதல்முறையா, கொழுப்பு இருக்கணும்னு சாமியைக் கும்பிட்டேன்!

அம்மா படத்தில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. கொழுப்பு குறைவான ஹீமாஞ்சியோமா கேன்சர் மாதிரியே ஏமாத்துமாம். அதுக்குத்தான் கேள்விக்குறி. சி.டி. எடுக்கச் சொன்னாங்க.

நேற்று எடுத்தோம். திரையில் எலும்பின் குறுக்குவெட்டு. உள்ளே வெள்ளை வெள்ளையாப் புள்ளிகள், வாசலில் அம்மா கோலத்துக்கு வைக்கிற புள்ளி மாதிரியே! ரத்தக்குழாய் வளர்ந்த இடத்தில் சில எலும்பு இழைகள் கரைந்து, மிச்சம் உள்ளவை தடித்துத் தூண்களாக நிற்குமாம். குறுக்கே பார்த்தால் புள்ளி, பக்கவாட்டில் பார்த்தால் கோடு. கேன்சர் எலும்பை அரிக்கும், இல்லேன்னா கண்டபடி கெட்டியாக்கும். இப்படி ஒழுங்கா நிக்காது.

"ஹீமாஞ்சியோமாதான் சார். பழைய வியாதி இருக்கறதால, மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்துக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாத்தையும் சொன்னேன். அம்மா சிரிச்சாங்க.

"தேய்மானத்துக்கா மூணு நாளா சோறு இறங்காம இருந்த? எனக்கு அன்னைக்கே தெரியும்டா."

பி.கு.: ஸ்கேனுக்குப் போறவங்க பழைய படங்களையும், முன்னாடி வந்த வியாதி விவரத்தையும் மறக்காம கொண்டு போங்க. படத்தைப் பார்க்கிறவங்களுக்கு அதுவும் ஒரு கண்.