எதிர் நாற்காலி

பில்லியர்ட்ஸ் மேசையை நான் தொட்டதுகூட இல்லை. கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்களுக்கு வாய்த்தது கேரம்தான். படிப்பகத் திண்ணையில் ஒரு குண்டு பல்பு, அதன் கீழே பவுடர் தூவிய பலகை. ஆனாலும் நம் விளையாட்டு வீரர்களில் நான் அதிகம் நினைத்துக்கொள்வது வில்சன் ஜோன்ஸை.

1922இல் புனேயில் பிறந்தவர். 1958இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். எந்த ஆட்டத்திலும் தனியொருவராக உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். தேசியப் பட்டம் 12 முறை. கிரிக்கெட்டில் ஒரே ஒரு சதம் அடித்தவரைக்கூட நாம் மனப்பாடமாக ஒப்பிக்கிறோம், இவர் பெயரைச் சொன்னால் "பாடகரா?" என்று கேட்கிறார்கள்.

பில்லியர்ட்ஸில் மூன்றே பந்துகள். சிவப்பைக் குழியில் தள்ளினால் 3 புள்ளி. தன் பந்தால் மற்ற இரண்டையும் தொட்டால் 2. தவறும்வரை ஒருவரே ஆடுவார். மற்றவர் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டென்னிஸில் வரும் பந்தைத் திருப்பி அடிக்கவாவது செய்யலாம். 1978 தேசியப் போட்டியில் மைக்கேல் ஃபெரைரா ஒரே தொடரில் 1149 புள்ளிகள் எடுத்தார். அத்தனை நேரமும் எதிரே அமர்ந்திருந்தவரைப் பற்றித்தான் எனக்கு யோசனை ஓடும்.

எனக்கு அப்படி உட்காரத் தெரியாது. பிளஸ் டூ முடித்த கோடையில் படிப்பகத்தில் ஒரு போட்டி. எதிரே என் நெருங்கிய நண்பன். ரெட்டையும் ஃபாலோவையும் போட்டுவிட்டு, காய்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அடிக்கும் முன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொள்வான். இன்னும் இரண்டு காய்கள்தாம். நான் பலகையை முழங்கையால் இடித்தேன், தெரியாமல் பட்டதுபோல. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். காய்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுவிட்டுப் போனான். பிறகு நாங்கள் சேர்ந்து ஆடவில்லை. மெல்லப் பேச்சும் நின்றது.

ஜோன்ஸ் 1960இல் எடின்பரோவில் பட்டத்தை இழந்தார். 1962இல் பெர்த்தில் ஆஸ்திரேலியாவின் பாப் மார்ஷல் வென்றார். அமெச்சூர் ஆட்டம், வென்றாலும் பணமில்லை. நாற்பது வயதில் இரண்டாம் முறையும் வெறுங்கையோடு திரும்பியவர் ஒதுங்கியிருந்தால் எவரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். 1964இல் நியூஸிலாந்தில் பட்டத்தை மீட்டார். பின்னர் பயிற்சியாளரானார். அதுவும் பிறர் ஆடுவதை உட்கார்ந்து பார்க்கும் வேலைதானே! 1996இல் துரோணாச்சாரியார் விருது பெற்றார். 2003இல் மறைந்தார்.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். படிப்பகத் திண்ணையில் ஒரு பையன் ஆடிக்கொண்டிருந்தான். விரலைச் சட்டையில் துடைத்ததைக் கண்டதும் யார் மகன் என்று தெரிந்துவிட்டது. அந்த போர்டு முடியும்வரை எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"அப்பாகிட்ட யாரு வந்தாங்கன்னு சொல்றதுங்க?" என்றான்.

என் பெயரைச் சொன்னேன்.