மஞ்சள் விளக்கும் நானூறு ரிங்கிட்டும்

இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் எழுதிவந்த இந்தப் பக்கத்தில் இன்று பிரேக்கைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம்! நம் பள்ளிகளின் வாகன நிறுத்துமிடங்களைப் பாருங்கள். பத்து, பதினைந்து வயதுடைய மகிழுந்துகளே மிகுதி. பேச்சுப் போட்டிக்கும் திடல்தடப் போட்டிக்கும் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதும் அவற்றில்தான்.

சில மாதங்களுக்கு முன் என் மகிழுந்தின் முகப்பில் ‘ஏபிஎஸ்’ என்னும் மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. வழக்கமாகச் செல்லும் பட்டறையில் காட்டினேன். அவர் முன்மூடியைத் திறந்து, பல குழாய்கள் வந்து சேரும் ஓர் அலுமினியப் பெட்டியைச் சுட்டிக் காட்டினார். “இது போய்விட்டது, சிக்கு. புதியது போட்டால் மூவாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகும். நானூறு கொடுங்கள், கழற்றிவிட்டுச் சாதாரண பிரேக்காக மாற்றித் தருகிறேன். அந்த விளக்கும் இனி எரியாது” என்றார்.

ஸ்கேனர் கருவியைப் பொருத்திப் பார்க்காமலேயே இவ்வளவும் சொன்னார். விளக்கை எரியவிடாமல் செய்வதாகச் சொன்னதுதான் என்னை உறுத்தியது. மறுநாள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது மூத்த ஆசிரியர் ஒருவர், “நம் அப்பா காலத்து வண்டியில் ஏபிஎஸ் இருந்ததா? அவர்கள் ஓட்டவில்லையா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். விடை தெரியாமல் நான்கு பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மழையில் ஓட்ட எனக்கு மனம் வரவில்லை.

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவர் ஒருவர், தொழிற்கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் பயின்று இப்போது பட்டறையில் பணியாற்றுகிறார். அவரிடம் கேட்டேன். “டீச்சர், ஏபிஎஸ் இல்லாத வண்டி வேறு, ஏபிஎஸ்ஸைப் பிடுங்கிய வண்டி வேறு” என்று தொடங்கி, என் குறிப்பேட்டிலேயே படம் வரைந்து விளக்கினார். நான் மாணவியானேன்!

ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு பல்வளையமும் அதன் சுழற்சியை அளக்கும் சென்சாரும் உள்ளன. பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் திடீரென வேகம் குன்றினால், அது இறுகிப் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று பொருள். உடனே அந்த அலுமினியப் பெட்டியிலுள்ள வால்வுகள் அச்சக்கரத்துக்குச் செல்லும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைக் குறைக்கின்றன, பிறகு கூட்டுகின்றன. ஒரு நொடிக்குள் பலமுறை இது நிகழும். காலடியில் தடதடவென்று ஓர் அதிர்வு தெரியும். அதைக் கண்டு அஞ்சிக் காலை எடுத்துவிடுவோர் பலர், எடுக்கக் கூடாது.

பூட்டிய சக்கரம் உருளாது, சறுக்கும். சறுக்கும் முன்சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வண்டியைத் திருப்ப முடிகிறதே, அதுதான் ஏபிஎஸ்ஸின் பெரும் நன்மை. வண்டி எப்போதும் சீக்கிரம் நிற்கும் என்பது பாதி உண்மையே. தோட்டத்துச் செம்மண் சரளைச் சாலையில் ஏபிஎஸ் உள்ள வண்டி சற்றுத் தள்ளியே நிற்கலாம். பூட்டிய சக்கரத்தின் முன் குவியும் கற்கள் அங்கே தடையாக உதவுகின்றன. ஆனால் கிள்ளானிலிருந்து காப்பார் வழியாகக் கோலசிலாங்கூர் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில், மாலை மழையில், செம்பனைக் குலை ஏற்றிய லாரி திடீரென நின்றால் சரளைக் கணக்கு உதவாது.

இனி, அந்த மூத்த ஆசிரியரின் கேள்விக்கு வருவோம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது, பின்பக்கம் இலேசாகிறது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே அழுத்தம் சென்றால், இலேசான பின்சக்கரங்களே முதலில் பூட்டிக்கொள்ளும். முன்சக்கரம் பூட்டினால் வண்டி நேராகச் சறுக்கும். பின்சக்கரம் பூட்டினாலோ வால் சுழன்று வண்டியே திரும்பிவிடும். இதைத் தடுக்க அப்பா காலத்து வண்டிகள் பலவற்றில் பின்பக்க அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ‘புரோபோர்ஷனிங் வால்வு’ என்ற சிறு பாகம் இருந்தது. ஏபிஎஸ் உள்ள பல வண்டிகளில் அந்த வால்வு கிடையாது. அந்த வேலையையும் அலுமினியப் பெட்டியே ‘இபிடி’ என்ற பெயரில் செய்துவிடுகிறது. பெட்டியைக் கழற்றிக் குழாய்களை நேராக இணைத்தால் ஏபிஎஸ் மட்டும் போவதில்லை. யாரும் பெயர் சொல்லாத அந்தக் காவலும் போய்விடுகிறது. மெதுவாக ஓட்டும்போது ஒன்றுமே தெரியாது. பட்டறையைச் சுற்றி ஒரு வட்டமடித்து, “பார்த்தீர்களா, நன்றாகப் பிடிக்கிறது” என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் சொன்னார். முன்சக்கர இயக்க வண்டிகள் பெரும்பாலானவற்றில் பிரேக் குழாய்கள் குறுக்காகப் பிரிந்திருக்கும்: முன் இடதும் பின் வலதும் ஒரு வழி; முன் வலதும் பின் இடதும் மற்றொரு வழி. ஒன்றில் எண்ணெய் கசிந்தாலும் மற்றது வண்டியை நிறுத்தும். விவரம் அறியாதவர் நான்கையும் ஒரே இணைப்பில் கோத்துவிட்டால், ஒரு கசிவில் பிரேக் முழுவதும் போகும்.

மாற்றவே கூடாதா? பாகமே கிடைக்காத பழைய வண்டிகளில் செய்யத்தான் வேண்டியிருக்கிறது. அதே மாடல் ஏபிஎஸ் இல்லாமலும் விற்கப்பட்டிருந்தால், அந்த வண்டியின் மாஸ்டர் பம்ப், வால்வு, குழாய்கள் அனைத்தையும் ‘ஹாஃப் கட்’ கடையிலிருந்து ஒருசேர வாங்கிப் பொருத்த வேண்டும். பதிவு செய்த வாகனத்தில் இத்தகைய மாற்றம் செய்ய சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும் தேவை. இவற்றைக் கூட்டிப் பார்த்தால் நானூறு ரிங்கிட் எங்கே நிற்கும்? வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சி உள்ள புதிய வண்டிகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதுவும் அதே பெட்டியை நம்பித்தான் இயங்குகிறது.

என் வண்டிக்கு என்ன ஆயிற்று? ஸ்கேனர் பின் இடது சக்கரத்தைக் காட்டியது. அங்கே சென்சார் கம்பி உராய்ந்து அறுந்திருந்தது. கூலியோடு நூற்று அறுபது ரிங்கிட். பெட்டி நன்றாகவே இருந்தது. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தால் பொதுவாக ஏபிஎஸ் நின்றுபோய்ச் சாதாரண பிரேக் வேலை செய்யும். நிதானமாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓரமாக நிறுத்திவிட வேண்டும்.

பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைக்குப் பழைய வண்டி வாங்கும் பெற்றோருக்கு ஒரு சொல். சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் கேள்வி கேளுங்கள். முன்மூடியைத் திறந்து, பழைய குழாய்களுக்கு நடுவே பளபளக்கும் புதிய பித்தளை இணைப்புகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். சென்ற வாரம் மாணவி ஒருத்தியின் தந்தை அழைத்ததால், நானும் அந்தப் பழைய மாணவரும் ஒரு வண்டியைப் பார்க்கப் போனோம். விளக்கு எரியவில்லை. பெட்டி இருந்த இடத்தில் இரண்டு பித்தளை இணைப்புகள் இருந்தன. எங்கு தேடியும் வால்வு இல்லை. விற்பவர் விலையில் ஆயிரம் ரிங்கிட் குறைப்பதாகச் சொன்னார். தந்தை வாங்கவில்லை. வரும் சனிக்கிழமை ஷா ஆலாமில் வேறொரு வண்டியைப் பார்க்கப் போகிறோம்.