நாண் அறுந்த தோள்கள்

தமிழர் வாழ்வில் தோள் என்பது ஓர் உறுப்பு மட்டுமன்று; உறவைச் சுட்டும் சொல்லும் ஆகும். துன்பத்தில் துணை நிற்பதைத் ‘தோள் கொடுத்தல்’ என்கிறோம். குடும்பப் பாரத்தை ஏற்றவனைத் ‘தோளில் சுமக்கிறான்’ என்கிறோம். சங்கப் புலவர் தொடங்கிக் கம்பர் வரை தோளின் அழகையும் வலிமையையும் பாடியோர் பலர். அப்பாடல்களை இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் விளக்கி வரும் எனக்கு, அத்தோளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கற்பித்தது கொடைக்கானல் மலைதான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழைக்காலத்தில் துறை மாணவர்களுடன் அங்குச் சென்றிருந்தேன். பாசி படிந்த படியொன்றில் கால் வழுக்க, விழும்போது வலக்கையை ஊன்றினேன். எலும்பு முறியவில்லை என்றறிந்து அனைவரும் ஆறுதல் அடைந்தோம். ஆயினும், மறுநாள் வைகறைத் தொழுகைக்கு நின்று தக்பீர் சொல்லிக் கைகளை உயர்த்தியபோது இடக்கை செவியருகே சென்றது. வலக்கையோ மார்பளவில் நின்றுவிட்டது. ஊர் திரும்பியபின் கரும்பலகையின் மேல்வரியும் எனக்கு எட்டாத உயரமாயிற்று. மதுரையில் எடுத்த எம்.ஆர்.ஐ. படம் காரணத்தைக் காட்டியது. தோள்மூட்டின் தசைநாண்களுள் ஒன்று எலும்பிலிருந்து கிழிந்து விலகியிருந்தது.

தசைநாண் என்பது எத்துணைப் பொருத்தமான சொல்! வில்லுக்கு நாண் எவ்வாறோ, தசைக்கு அது அவ்வாறு. தசை சுருங்கும் விசையை எலும்புக்குக் கடத்தும் கயிறு அது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் பொருந்தியிருக்கிறது. சிறு தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழம் போன்ற நிலை. குழி ஆழமற்றது என்பதால்தான் கையை எல்லாத் திசைகளிலும் சுழற்ற முடிகிறது. அந்த உருண்டை நழுவாதபடி நான்கு தசைகளின் நாண்கள் அதனைச் சூழ்ந்து பற்றிக் கொண்டுள்ளன. அவற்றுள் மேற்புறத்து நாணே பெரும்பாலும் கிழிவது. வயது ஏற ஏற அது நைந்து போகிறது. எலும்பிலிருந்து முற்றிலும் அறுந்த நாண் தானே திரும்பிச் சென்று ஒட்டுவதில்லை. நாளடைவில் தசை உள்வாங்கிச் சுருங்கும். அதில் கொழுப்புப் படியும். பின்னர் இழுத்துத் தைப்பது அரிதாகிவிடும். கிழிந்த எல்லாவற்றையும் தைக்க வேண்டும் என்பதில்லை. முதியோர் பலரிடம் வலியே இன்றிக் கிழிசல் காணப்படுவதுண்டு. உடற்பயிற்சியாலேயே நலம் பெறுவோரும் பலர். விபத்தில் நாண் அறுந்து கை உயராமற் போனவர்க்குத்தான் காலந்தாழ்த்தாத அறுவையை மருத்துவர் பெரிதும் பரிந்துரைக்கின்றனர்.

நாணைத் தைக்கலாம் என்னும் துணிவு எளிதில் வந்ததன்று. கிரேக்க மருத்துவர் கேலன், நாணில் ஊசி பட்டால் வலிப்பு வரும் என்று அஞ்சினார். அவ்வச்சம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நீடித்தது. தைக்கலாம் என்று கூறியவர் இப்னு சீனா (980 - 1037) என மருத்துவ வரலாற்றாசிரியர் குறிப்பர். அவருக்குச் சற்று முன் கொர்தோபாவில் வாழ்ந்த அல் ஸஹ்ராவி, முப்பது பகுதிகள் கொண்ட தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்துக்கே ஒதுக்கிக் கருவிகளைப் படம் வரைந்து விளக்கினார். தோளின் நாணைத் தைத்த வரலாறோ அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர் காட்மனிடம் தொடங்குகிறது. அவர் 1909-இல் அவ்வறுவையைச் செய்து 1911-இல் அதனை வெளியிட்டார். தோளைப் பற்றிய அவரது பெருநூல் 1934-இல் வந்தது. அவர் வற்புறுத்திய கொள்கை ஒன்று நம் சிந்தனைக்குரியது. அறுவை முடிந்ததோடு மருத்துவமனையின் கடமை முடிவதில்லை. ஓராண்டு கழித்தேனும் அந்நோயாளி என்ன ஆனார் என்று கேட்டறிந்து பதிவு செய்ய வேண்டும் என்றார் அவர். ‘இறுதிப் பயன்’ என்பதே அவருடைய உரைகல்.

இன்று இவ்வறுவை விரலளவும் இல்லாத சிறு துளைகள் வழியே நிகழ்கிறது. ஒன்றில் நுண்ணிய ஒளிக்கருவி, மற்றவற்றில் கருவிகள். எலும்பில் சிறு திருகாணி போன்ற பிடிப்பொன்றைப் பதித்து, அதிலுள்ள நூலால் நாணை எலும்போடு சேர்த்துக் கட்டுகிறார்கள். எனக்கும் அவ்வாறே செய்தனர். ஆனால், கட்டுதல் வேறு, ஒட்டுதல் வேறு. நாணை எலும்போடு சேர்த்துவைப்பது மட்டுமே தம் பணியென்றும், அதனை ஒட்டவைப்பவை என் உடலும் ஓய்வுமே என்றும் மருத்துவர் தெளிவுறக் கூறினார். ஆறு வாரம் கை தொட்டிலில் கிடந்தது. பிறர் கை பிடித்து அசைக்கும் பயிற்சி முதலில்; தானே உயர்த்துவது பின்னர்; வலுவேற்றும் பயிற்சி மூன்று திங்களுக்குப் பின்; பெருஞ்சுமை தூக்க ஏறத்தாழ ஆறு திங்கள். பொறுமையின்றிச் சுமந்தால் தைத்தது மீண்டும் கிழியும். சட்டைப் பொத்தானை மனைவி போட்டுவிட்டார். இயன்ற அளவில் தொழுதுகொள்ள மார்க்கம் இடம் தந்தது. கல்லூரி மருத்துவ விடுப்புத் தந்தது, ஊதியம் நிற்கவில்லை. என் நாண் ஒட்டியது.

அந்நாள்களில் இயன்முறை மருத்துவக் கூடத்தில் ஒருவரைச் சந்தித்தேன். கொடைக்கானலின் மேல்மலைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர், ஐம்பதை எட்டியவர். உருளைக்கிழங்கு, காரட் மூட்டைகளைத் தோட்டத்திலிருந்து வண்டி நிற்கும் இடம்வரை சுமப்பது அவர் தொழில். ஊரில் யாருக்கேனும் நோய் முற்றினால் டோலி தூக்குவோருள் அவரும் ஒருவர். அவர் தோளிலும் என்னைப் போன்றே கிழிசல்.

“அண்ணே, ஆப்பரேஷனுக்கு நாள் குறிச்சாச்சா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க சார். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கார்டு இருக்குது. ஆறு மாசம் மூட்டை தூக்கக் கூடாதாமே! தூக்காட்டி அடுப்பு எப்படி எரியும்?” என்றார்.

அவர் அறுவை செய்துகொள்ளாமலே மலையேறிவிட்டார். மூட்டையை இடத்தோளுக்கு மாற்றிக்கொண்டார் என்று அப்பகுதி மாணவர் ஒருவர் பின்னர்ச் சொல்லக் கேட்டேன்.

பழனிமலைத் தொடரின் கதையே தோள்களின் கதை அன்றோ? இரு குன்றுகளைக் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்துவந்த இடும்பனின் கதையைப் பழனியின் தலபுராண மரபு கூறும். காட்மன் நாணைத் தைத்த அதே 1909-இல் கொடைக்கானல் வானாய்வகத்தில் எவர்ஷெட் என்னும் அறிஞர் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் ஓடும் இயல்பைக் கண்டறிந்தார். அந்நாளில் அம்மலைக்கு மோட்டார் சாலை இல்லை. அடிவாரத்திலிருந்து துரைமார்களையும் அவர்தம் பொருள்களையும் மேலேற்றியவை கூலியாள்களின் தோள்களும் மட்டக் குதிரைகளுமே. சாலை வந்த பின்னும் வெள்ளகவி போன்ற சிற்றூர்கள் நெடுங்காலம் வண்டிப்பாதை இன்றியே இருந்தன. அங்கு நோயாளியைச் சுமந்தவையும் மனிதத் தோள்களே. பிறரை மருத்துவமனைக்குச் சுமந்து வந்த தோள், தன் கிழிசலைத் தைத்துக்கொள்ள ஆறு திங்கள் பெறவில்லை.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவு பெற்றவர்க்கு நோய்க்காலத்தில் ஊதியத்தின் ஒரு பகுதி ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். ஆலையிலும் நிறுவனத்திலும் பணிபுரிவோர்க்கு உள்ள அவ்வாய்ப்பு, தோட்டத்துக்குத் தோட்டம் மூட்டைக்கணக்கில் கூலி பெறுபவர்க்கு எட்டுவதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் எளியோரின் சிகிச்சைச் செலவைத் தாங்கி வருகிறது. அது நன்றிக்குரியது. ஆயினும் அத்திட்டம் சிகிச்சைக்கு உரியதேயன்றி, வீடு திரும்பியபின் இழக்கும் கூலிக்கு உரியதன்று. காட்மன் கேட்கச் சொன்ன ‘இறுதிப் பயன்’ முடிவாவதோ அந்த ஆறு திங்களில்தான்.

நம் ஊர்ப் பெரியோர்க்கும் முன்னாள் மாணவர்க்கும் இங்கே பணிவான விண்ணப்பம் ஒன்றுண்டு. அறுவைக்கு உதவி கேட்டு வருவோர்க்கு ஜமாஅத்தும் பைத்துல்மாலும் முகம் சுளிக்காமல் வழங்குவதை நான் அறிவேன். அவ்வுதவியோடு, “எத்தனை நாள் ஓய்வு? அதுவரை வீட்டில் அரிசிக்கு என்ன வழி?” என்னும் கேள்வியையும் சேர்த்துக் கேட்போமாக. மாதந்தோறும் ஒரு மூட்டை அரிசி, ஒரு மளிகைப் பட்டியல், பிள்ளையின் பள்ளிச் செலவு ஆகியவற்றைச் சிலர் பங்கிட்டுக்கொண்டால் ஆறு திங்கள் பெரிதன்று. சுமப்பவர் எச்சமயத்தவராயினும் பசி ஒன்றே. மதீனாவில் பள்ளிவாசல் எழுந்தபோது தோழர்களோடு தோழராய்த் தாமும் கல் சுமந்த நபிகள் நாயகத்தின் வழி வந்தவர்கள் நாம். சுமப்பவர் தோளின் அருமையை நமக்கு எவரும் புதிதாய்ச் சொல்ல வேண்டுவதில்லை.

அன்பு மாணவர்களே! ‘தோள் கொடுத்தல்’ என்னும் தொடருக்கு இனி நான் வகுப்பில் கூறும் பொருள் இதுதான்: ஒருவர் தோள் ஆறும்வரை அவர் சுமையை நாம் சுமத்தல்.